ஐந்து கேட்டதற்கு எட்டு

கொலம்பஸ், ஒஹாயோ
3 ஏப்ரல் 2005

அன்புள்ள ராஜுக்கு,

இனி போன் வேண்டாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. வைத்த பிறகு யோசித்தால் நீங்கள் சொன்னது சரிதான். இந்தக் காலிங் கார்டில் என் குரல் ஹைதராபாத் வந்து சேர இரண்டு விநாடி ஆகிறது. நான் முடித்துவிட்டேன் என்று நினைத்து நீங்கள் ஆரம்பிக்கிறீர்கள். நீங்கள் பதில் பேசவில்லையே என்று நான் மறுபடி ஆரம்பிக்கிறேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம், பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்கிறோம். நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நாம் இவ்வளவு சண்டை போட்டதில்லை.

ஈமெயில் போடலாம்தான். ஆனால் அதில் எனக்கு ஆங்கிலம்தான் வருகிறது. ஆபீஸில் நாள் முழுக்க அந்தப் பாஷையில் குழைந்துவிட்டு, அதே பாஷையில் வீட்டுக்காரரோடு சண்டை போட முடியவில்லை. அதனால் கடிதம்.

'ஆறு மாத வேலை, டிபென்டென்ட் விசாவில் நீங்களும் வந்துவிடுங்கள்' என்று நான் சொன்னதில் என்ன தப்பு? 'அங்க வந்து உனக்குச் சோறு வடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா?' என்று கேட்டீர்கள். நான் அங்கே இருந்தவரை சோறு வடித்தது யார் என்று நீங்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

பிப்ரவரியில் பேகம்பேட்டை ஏர்போர்ட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். பெட்டியின் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தீர்கள். 'போய்ச் சேந்ததும் மெயில் போடு' என்றீர்கள். அவ்வளவுதான். என்னோடு வந்த சபீனாவின் வீட்டுக்காரர் யூசுப் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார். சத்தியமாக அழுதார். எனக்கு அவளைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. நீங்கள் 'போகாதே' என்று சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன். ஆனால் சொல்லியிருக்கலாம்.

இங்கே தரை முழுக்கக் கார்ப்பெட். நான் நடப்பது எனக்கே கேட்பதில்லை. சனிக்கிழமை காலையில் எழுந்தால் திங்கட்கிழமை ஆபீஸ் போகிறவரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது, பூசையில் சொல்கிற ஆமென் தவிர.

சாப்பிடுகிறீர்களா?

உஷா


சனத்நகர், ஹைதராபாத்
20 ஏப்ரல் 2005

அன்புள்ள உஷாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மேல்வீட்டு மங்களம் மாமி வாங்கி வைத்திருந்து, நான் படித்து முடிக்கும்வரை படியிலேயே நின்று 'எல்லாரும் சௌக்கியம்தானே?' என்று மூன்று தரம் கேட்டார். சௌக்கியம் என்றேன்.

யூசுப் அழுதது எனக்கும் தெரியும். அன்றைக்கு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து ஆட்டோவில் டோலிசௌகி வரை கொண்டுபோய் விட்டவன் நான்தான். வழியெல்லாம் அழுதார். எனக்கு அழக்கூட இடம் இல்லை.

சாப்பிடுகிறேன். ஒரு உதவி வேண்டும், அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

இமாச்சலத்தில் பத்தி என்ற ஊரில் ஒரு கம்பெனி, எலும்பு முறிந்தால் உள்ளே வைக்கும் டைட்டானியம் ஸ்க்ரூ செய்கிறது. ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் லேசரால் எண் பொறிக்க வேண்டும். தலையே மிளகு அளவுதான். ஜூன் முதல் வாரம் அவர்கள் ஆட்கள் வந்து நம் பட்டறையில் செய்கிற மெஷினைப் பார்க்கிறார்கள். இப்போது நம்மிடம் இருப்பது பழைய மெஷினிலிருந்து கழற்றிய இரண்டு மடங்கு பீம் எக்ஸ்பாண்டர். அதில் பொறித்தால் எழுத்து எறும்பு கடித்த உதடு மாதிரி வீங்கிப்போகிறது.

அது என்ன என்று கேட்பாய். லேசர் கற்றை நூல் பிடித்தது போல நேராகப் போகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். போகாது. மெல்லிய கற்றை போகப் போக அகன்றுவிடும். முதலிலேயே அகலமாக்கி அனுப்பினால் வெகுதூரம் அப்படியே போகும். அகலமாக வருகிற கற்றையைத்தான் கடைசி லென்ஸ் சின்னப் புள்ளியாகக் குவிக்கவும் முடியும். அகலமாக்கித் தருகிற குழாய்தான் பீம் எக்ஸ்பாண்டர். கட்டை விரல் நீளம், இரண்டு லென்ஸ், அவ்வளவுதான்.

மும்பை ஏஜென்டிடம் கேட்டால் ஜூலை ஆகுமாம். நீ இருக்கும் நாட்டில் கடையிலேயே கிடைக்கிறது. எனக்கு வேண்டியது: 1064 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பூச்சுப் பூசியது, உள்ளே வரும் கற்றை ஒன்றரை மில்லிமீட்டர், ஐந்து மடங்கு. சபீனா மே மாதக் கடைசியில் லீவில் வருகிறாளாமே, யூசுப் சொன்னார். அவளிடம் கொடுத்து அனுப்பு.

இந்த ஆர்டர் கிடைத்தால் காதர் பாய் என்னைத் தன் பட்டறையில் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கிடைக்காவிட்டால் பட்டறையையே இழுத்து மூட வேண்டியிருக்கும் போலிருக்கிறது. ஒன்பது வருட வேலை, உஷா. அதை விட்டுவிட்டு அங்கே வா என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய்.

ராஜ்


கொலம்பஸ்
5 மே 2005

அன்புள்ள ராஜுக்கு,

அழ இடமில்லை என்று ஒரு வரி எழுதினீர்களே, அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. அடுத்த வரியிலேயே ஸ்க்ரூவுக்குப் போய்விட்டீர்கள். எலும்புக்குள் போகிற ஸ்க்ரூ மேல் இருக்கிற கரிசனம்!

கிண்டல் போதும். உங்கள் வேலையை ஆசையாகத்தான் செய்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காரிடாரில் நின்று லென்ஸ் விற்கிற கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்தவர் நிதானமான மனிதர். 'என் கணவர் லேசர் மெஷின் செய்கிறார்' என்று ஆரம்பித்தேன். அப்படிச் சொல்ல எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? இந்த ஊரில் உங்களைப் பற்றி ஒரு ஆளிடம் பேசக் கிடைத்த முதல் சந்தர்ப்பம். அவர் கேட்டதற்கு மேலேயே பேசிவிட்டேன்.

என்ன லேசர், எவ்வளவு பவர், எவ்வளவு அகலம் என்று வரிசையாகக் கேட்டார். உங்கள் கடிதத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். 'புள்ளி எவ்வளவு சின்னதாக வேண்டும்?' என்றார். 'எவ்வளவு முடியுமோ அவ்வளவு' என்றேன். 'எக்ஸ்பாண்டருக்குப் பிறகு என்ன வருகிறது? அங்கே அகலத்துக்கு ஏதாவது தடை உண்டா?' என்றார். கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. 'தடை ஒன்றும் இல்லை' என்றேன். அப்படியானால் இன்னும் நல்லதாகவே தரலாம் என்றார். பெட்டியைத் திறந்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். மீதியை இப்போது சொல்லமாட்டேன்.

இன்னொரு விஷயம். என்னை இங்கே மேலும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். கிரீன் கார்டுக்கும் போடுவார்களாம். ஆகஸ்டு முப்பத்தொன்றுக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். நான் முடிவு சொல்லவில்லை. உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னேன். கேட்கிறேன், சொல்லுங்கள்.

உஷா


சனத்நகர்
8 மே 2005

அன்புள்ள உஷாவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது, அதற்காக இந்தச் சின்னக் கடிதம்.

பீம் எக்ஸ்பாண்டரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று கெப்ளர் வகை. அதில் கற்றை குழாய்க்கு உள்ளேயே ஒரு புள்ளியில் குவிந்து பிறகு விரியும். பரிசோதனைச் சாலையில் சாதுவான லேசருக்கு அது நல்லது. குவிகிற இடத்தில் சின்ன ஓட்டை வைத்துக் கசடை வடிகட்டக்கூட முடியும். நம் லேசரை அதற்குள் விட்டால் குவிகிற இடத்தில் காற்றே பொரிந்துவிடும். நமக்கு கலிலியோ வகைதான் வேண்டும். உள்ளே எங்கும் குவியாது, முதல் லென்ஸிலேயே விரிய ஆரம்பித்துவிடும். கேட்டு வாங்கு.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சாயங்காலம் பட்டறையிலிருந்து கிளம்பினால் ஸ்கூட்டர் தானாகப் பரத்நகர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் திரும்பிவிடுகிறது. நீ வருவாயே, அந்த ஹைடெக் சிட்டி ரயில் வந்து, ஜனங்கள் எல்லாம் இறங்கிப் போன பிறகுதான் நினைவு வருகிறது. நேற்று ஸ்கூட்டரைச் சர்வீசுக்கு விட்டேன்.

ராஜ்


சனத்நகர்
12 ஜூன் 2005

உஷாவுக்கு,

சபீனா பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். திறந்து பார்த்தேன். ஜாதி சரிதான், கலிலியோ. ஆனால் ஐந்து கேட்டேன், எட்டு அனுப்பியிருக்கிறாய்.

ஆச்சரியமாகத்தான் இருந்தது.

காதர் பாய்க்கு ஒரே சந்தோஷம். 'அரே ராஜ், பெருசு நல்லதுதானே மியான்? ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?' என்றார். கையில் வேறு இல்லை, பத்தி ஆட்கள் மறுநாள் வருகிறார்கள். வேறு வழியில்லாமல் பொருத்தினேன். ஒன்றரை மில்லிமீட்டர் கற்றையை எட்டு மடங்கு ஆக்கினால் பன்னிரண்டு. அதற்கு அடுத்து, எழுத்துப் போடக் கற்றையைத் திருப்புகிற ஆடும் கண்ணாடி பத்து மில்லிமீட்டருக்குத்தான் இடம் கொடுக்கும். மீதிக் கற்றை கண்ணாடியின் விளிம்பில் வழிந்து அதன் பிடியைச் சுட ஆரம்பித்தது. சூடு ஏற ஏற எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதோடு போகவில்லை. கற்றை அகல அகல, புள்ளி கூர்மையாக இருக்கிற ஆழம் குறைந்துபோகும். தட்டையான தகட்டில் எழுதினால் அழகாக வந்தது. ஸ்க்ரூவின் தலை உருண்டை. நடுவில் இருக்கிற எண் தெரிந்தது, ஓரத்தில் இருக்கிற எண் தெரியவே இல்லை.

பத்தியிலிருந்து வந்தவர் ஒரு ஸ்க்ரூவை வெளிச்சத்தில் காட்டி, 'இதில் பாதி எண்தான் இருக்கிறது. மீதியை நோயாளியிடம் கேட்டுக்கொள்ளவா?' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உன் மே மாதக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள் என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாய். இந்த மெஷின் ஓடாவிட்டால் எனக்கு இங்கே பிடிமானம் இல்லை, பெட்டியைக் கட்டிக்கொண்டு உன் பின்னால் வந்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

இருதயராஜ்


கொலம்பஸ்
25 ஜூன் 2005

இருதயராஜ் அவர்களுக்கு,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நானும் முழுப் பெயரிலேயே விளிக்கிறேன்.

எனக்குத் தெரிந்த உலகத்தில் புதிய வெர்ஷன் பழைய வெர்ஷன் செய்கிற எல்லா வேலையையும் செய்யும். பெரிய சர்வர், சின்ன சர்வரின் வேலையையும் செய்யும். பன்னிரண்டு வருடமாக நான் அந்தச் சோற்றைத்தான் தின்கிறேன். எட்டு என்றால் அதற்குள் ஐந்து அடக்கம் என்று நினைத்தேன். கேட்டதைவிட நல்லதாக அனுப்பினால் பெட்டியைத் திறக்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு மாதமாகக் கற்பனை செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் எப்படி இருந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது.

அந்த லென்ஸ் கம்பெனிக்காரர் கேட்டார்: 'அதற்குப் பிறகு என்ன வருகிறது?' அப்போதே உங்களுக்கு எழுதினேனே, அவர் கேட்டதையும் நான் சொன்னதையும். உங்கள் கடிதத்தில் ஐந்து என்று இருந்தது, ஏன் ஐந்து என்று இல்லை. பத்து மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்று இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நீங்கள் எப்போதும் இப்படித்தான். எண்ணைச் சொல்வீர்கள், காரணத்தைச் சொல்லமாட்டீர்கள். நான்தான் ஊகிக்க வேண்டும். ஊகித்தது தப்பாகப் போனால் சதி என்பீர்கள்.

நான்கு வருடமாக உங்களோடு குடித்தனம் நடத்தியவள் உங்கள் பிழைப்பைக் கெடுத்துத்தான் உங்களைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வாள் என்று நினைத்துவிட்டீர்களே. கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் காரிடார் கோடியில் போய் நின்றேன். அங்கேயும் கார்ப்பெட். அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்குச் சரி என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். மே மாதமே கேட்டேன், என்ன சொல்கிறீர்கள் என்று. அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

உஷா


சனத்நகர்
24 ஜூலை 2005

அன்புள்ள உஷாவுக்கு,

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். இன்றைக்கு இங்கே போனாலுத் திருவிழா. தெருக்கோடி அம்மன் கோவிலுக்குப் பெண்கள் தலையில் பானையோடு வரிசையாகப் போகிறார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. போன வருடம் நீ வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 'நம்ம தூத்துக்குடி சப்பரத்துல பாதி சத்தம்கூட இல்ல' என்றாய்.

நான் எழுதியது தப்பு. அன்று பத்திக்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது, அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் உன் தலையில் இறக்கிவிட்டேன். நீ அப்படிச் செய்கிறவள் இல்லை. எழுதும்போதே தெரியும். தெரிந்தும் தபாலில் போட்டேன்.

மெஷின் விஷயத்தையும் சொல்கிறேன். பட்டறையில் ஒரு நாள் வேலை ஓடவில்லை. மேஜை மேல் கிடந்த பழைய இரண்டு மடங்கைக் கையில் எடுத்து, சும்மா கண்ணில் வைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திருப்பிப் பிடித்திருக்கிறேன் போலிருக்கிறது. எதிரில் இருக்கிற டீக்கடை சின்னதாகி எங்கேயோ தள்ளிப் போய்விட்டது. அப்போதுதான் உறைத்தது. இதைத் திருப்பி வைத்தால் கற்றையைப் பாதியாக்கும். முதலில் பாதியாக்கிவிட்டுப் பிறகு உன் எட்டுக்குள் அனுப்பினால் மொத்தம் நான்கு. ஆறு மில்லிமீட்டர், கண்ணாடியில் தாராளமாக அடங்கும்.

சொல்லச் சுலபம். இரண்டு குழாயும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் கற்றை முட்டை வடிவத்தில் வெளியே வருகிறது. ஒரு வாரம் தனியாக உட்கார்ந்து நேராக்கினேன். காதர் பாய் வந்து வந்து, 'டென்ஷன் நக்கோ, வேணாம், பிரியாணி சாப்டு' என்று சொல்லிவிட்டுப் போனார். பத்திக்காரர்களைக் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி வரவழைத்தார். இந்த முறை எண் முழுக்கத் தெரிந்தது. ஐந்து அளவுக்கு மெலிசாக இல்லை, ஆனாலும் படிக்கலாம். இது ஒட்டு வேலைதான். குறுகிய இடத்தில் கற்றை சுடும், நாள்பட்டால் லென்ஸ் பூச்சு போய்விடும். மும்பை ஏஜென்டிடம் இப்போதுதான் ஐந்துக்குச் சொல்லியிருக்கிறேன், அது வந்ததும் மாற்றி, செப்டம்பரில் பத்திக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

ஆர்டர் கிடைத்துவிட்டது. காதர் பாய் போர்டில் என் பெயரைச் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறார். பட்டறையில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தோம். வீட்டுக்கும் ஒரு பெட்டி கொண்டுவந்தேன். மங்களம் மாமிக்குச் சர்க்கரை, அவர் சாப்பிடமாட்டார். அப்படியே இருக்கிறது.

இரண்டு வருட விஷயம் உன் வேலை, உன் இஷ்டம். நான் என்ன சொல்ல?

ராஜ்


சனத்நகர்
20 ஆகஸ்டு 2005, சனிக்கிழமை

அன்புள்ள ராஜுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தீர்களா? நம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஹைடெக் சிட்டி ஆபீஸில் மூன்று நாள் வேலை, இரண்டு பேர் போக வேண்டும் என்றார்கள். கையைத் தூக்கினேன். உங்களிடம் சொல்லவில்லை. வாசலில் போய் நின்று முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மறுபடியும் அதே புத்தி. ஏஜென்ட் லென்ஸைச் சீக்கிரமே கொடுத்துவிட்டார், நீங்கள் மெஷினோடு பத்திக்குப் போய்விட்டீர்கள் என்று மங்களம் மாமி சாவியைக் கொடுத்துக்கொண்டே சொன்னார். உங்கள் மொபைலுக்குப் போட்டேன். ஆந்திராவைத் தாண்டினால் அது வேலை செய்யாதாமே. காதர் பாய், 'பாபிஜி, இப்பவே ஃபேக்டரிக்குப் போன் போட்டு வரச் சொல்றேன்' என்றார். வேண்டாம் என்றேன். ரயிலில் நீங்கள் வந்து சேருவதற்குள் நான் போயிருப்பேன். பாதியில் விட்டு வந்தால் மெஷினும் நிற்காது.

மூன்று நாளும் இந்த வீட்டில் தனியாக இருந்தேன். இங்கே மொசைக் தரை. நான் நடப்பது எனக்குக் கேட்டது. நீங்கள் ஆறு மாதமாக இப்படித்தான் இருந்தீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. கழுவி வைத்த ஒரு தட்டு, ஒரு டம்ளர். அந்த இனிப்புப் பெட்டியை ஃப்ரிட்ஜில் பார்த்தேன். பூஞ்சை பிடித்திருந்தது. தூக்கிப் போட்டுவிட்டேன்.

முதல் நாள் காலையில் வாசலில் இரண்டு பால் பாக்கெட். மாமி போட்டது போலிருக்கிறது என்று மேலே கொண்டுபோனேன். 'ஒண்ணை நீயே வச்சுக்கோ. தினம் ரெண்டு வந்துண்டுதான் இருக்கு. நீ போனதுலேர்ந்து ஒண்ணை எங்காத்துல குடுத்துடுவார். ஏன்னு கேட்டா, பால்காரன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்னு சொல்றார்' என்றார்.

ஆறு மாதமாகவா மறப்பீர்கள்?

இந்த நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். மாமிக்கு நன்றாகவே கேட்டிருக்கும். பால்காரனிடம் சொல்லாததை என்னிடம் சொல்லியிருக்கலாமே, ராஜ். ஸ்க்ரூவுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு எழுதினீர்கள், எத்தனை நானோமீட்டர், எத்தனை மடங்கு, எந்த ஜாதி என்று. உங்களுக்கு என்ன வேண்டும் என்று இதுவரை ஒரு வரி எழுதவில்லை. உன் இஷ்டம், உன் இஷ்டம் என்று எழுதுகிறீர்கள். என் இஷ்டம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது உங்களுடையது.

முப்பத்தொன்றாம் தேதி நான் பதில் சொல்ல வேண்டும். பாலை வைத்துக்கொண்டு நான் ஊகிக்கப்போவதில்லை. ஊகித்து வாங்கினால் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் பார்த்துவிட்டோம்.

டாக்ஸி வந்துவிட்டது. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

உஷா


சனத்நகர்
28 ஆகஸ்டு 2005, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள உஷாவுக்கு,

புதன்கிழமை வந்தேன். கதவைத் திறந்ததும் வீட்டில் தாளித்த வாசனை. மேல்வீட்டிலிருந்து வருகிறது என்று நினைத்துப் பெட்டியை வைத்துவிட்டுக் கை கால் கழுவினேன். அப்புறம்தான் மேஜை மேல் கடிதத்தைப் பார்த்தேன். நான்கு நாளாக எழுதிக் கிழிக்கிறேன். ஒரு லென்ஸுக்கு நானோமீட்டர் கணக்கில் எழுதுகிறவனுக்கு இது வரவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் அம்மாவுக்கு மணப்பாட்டில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. உத்தரவு கையில் வந்துவிட்டது. அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார், 'போவாத' என்று. அம்மா போகவில்லை. அதற்குப் பிறகு குழம்பில் உப்பு கூடினாலும், எனக்குக் காய்ச்சல் வந்தாலும், மழை பெய்து ஓடு ஒழுகினாலும், அம்மா அந்த உத்தரவைப் பற்றித்தான் பேசுவார். அப்பா சாகிற வரைக்கும் பேசினார். நான் எந்தப் பெண்ணிடமும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று சின்ன வயதிலேயே வைராக்கியம் வைத்திருந்தேன். ஏர்போர்ட்டில் அது என் தொண்டை வரைக்கும் வந்தது. அதனால்தான் பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லாமல் இருந்தால் உன்னைத் தடுக்காமல் இருக்கிறேன் என்று நினைத்தேன். நீ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய். வேறு எப்படி எடுத்துக்கொள்வாய்? காரணத்தை நான் எழுதவில்லையே.

பால் விஷயம் மறதி இல்லை. ஒரு பாக்கெட் போதும் என்று சொல்ல ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பால்காரருக்காகக் காத்து நிற்பேன். அவர் வந்ததும், 'பில் கொடுங்க' என்று கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன்.

நீ கேட்டபடி எழுதுகிறேன். கம்பெனிக்கு எழுதுகிற மாதிரிதான் எனக்கு வரும், பொறுத்துக்கொள்.

எனக்கு வேண்டியது உஷா. எண்ணிக்கை ஒன்று. மாற்றுப் பொருள் ஏற்கப்படமாட்டாது. எதற்கு வேண்டும் என்றால், சாயங்காலம் பரத்நகர் ஸ்டேஷனில் ரயில் வந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகும் நான் நிற்கிறேன், அதற்காக. நான் பேசுகிற விஷயமெல்லாம் ஸ்க்ரூவைப் பற்றியே இருக்கிறது, அதைக் கிண்டல் செய்ய ஆள் இல்லை, அதற்காக. அகலத்துக்குத் தடை உண்டா என்று அந்த லென்ஸ் கம்பெனிக்காரர் கேட்டாரே, உண்டு. எட்டாயிரம் மைல் அகலத்துக்கு என்னால் விரிய முடியவில்லை. விளிம்பில் வழிந்து சுடுகிறது.

போகாதே என்று சொல்லமாட்டேன். நீ போய்விட்டாய், அதைச் சொல்ல நேரமும் போய்விட்டது. வா என்று சொல்கிறேன். வரமுடியாது என்று நீ சொன்னால் அதையும் கேட்டுக்கொள்கிறேன். பிறகு நான் அங்கே வருவதைப் பற்றி யோசிக்கலாம், சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். அப்பா அம்மாவைப் பதில் பேச விடவில்லை. நான் உன் பதிலைக் கேட்பேன்.

இதைத் தபாலில் போட்டால் உனக்குக் கிடைப்பதற்குள் முப்பத்தொன்று போய்விடும். அதனால் கடைக்குப் போய்க் காலிங் கார்டு வாங்கி வந்திருக்கிறேன். இங்கே விளக்கு வைக்கிற நேரம், உனக்குக் காலை. நீ பூசைக்குக் கிளம்புவதற்குள் போன் செய்து இதை முதலிலிருந்து அப்படியே படிக்கப்போகிறேன். போன் வேண்டாம் என்று சொன்னவன் நான்தான், நானே மீறுகிறேன். நடுவில் நீ பேசினால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும், கொஞ்சம் பொறு.

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகு இரண்டு விநாடி எனக்கு ஒன்றும் கேட்காது. அந்த இரண்டு விநாடி வாயைத் திறக்காமல் காத்திருப்பேன்.

வா.

ராஜ்